பைக்கின் பின்பக்கத்தை இறக்குவது: செட்டிநாட்டு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கால் எட்ட மாட்டேங்குது, பின்னாடி கொஞ்சம் எறக்கிக் குடுங்க." இறக்கலாம். ஆனால் பின் ஷாக்கை மட்டும் இறக்கி வண்டியை வெளியே அனுப்புவது அரைவேலை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், சைடு ஸ்டாண்டு, செயின், ஹெட்லைட், இன்ஜினுக்கு அடியில் உள்ள இடைவெளி என்று இன்னும் பல இடங்களில் வேலை பாக்கி நிற்கும். அதைச் சொல்லாமல் விட்டால் பிறகு அவதிப்படுவது ஓட்டுகிறவர்தான். அதனால் வழக்கமாக வரும் கேள்விகளுக்குப் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் வண்டியை உண்மையிலேயே இறக்க வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தினமும் எந்தச் செருப்பு அல்லது ஷூ போட்டு ஓட்டுகிறீர்களோ, அதையே போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். ஒருவரைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி வண்டியை நிமிர்த்துங்கள். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதிந்தால் போதும். ஒரு கால் முழுதாகப் பதிந்து மற்றொன்று ஃபுட்ரெஸ்டில் இருந்தாலும் போதும். இரண்டு குதிகாலும் தரையில் படிய வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் சீட் உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மி.மீ., மீட்டியோர் 350 என்றால் 765, கிளாசிக் 350 என்றால் 805, ஹிமாலயன் 450 என்றால் 825, முதலில் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சர் 855. எண்ணைப் பார்த்தால் கிளாசிக்குக்கும் ஸ்ப்ளெண்டருக்கும் 20 மி.மீ.தான் வித்தியாசம். ஆனால் கிளாசிக்கின் சீட் அகலம். அகலமான சீட் தொடையை விரிக்கிறது, விரிந்த கால் அவ்வளவு தூரம் கீழே வராது. அதனால் உயரம் மட்டுமா பிரச்சினை, அகலமும் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். அகலம்தான் காரணம் என்றால் சஸ்பென்ஷனை (ஷாக், ஃபோர்க் இரண்டையும்) தொடவே வேண்டாம்.

நான் 5 அடி 2 அங்குலம். உயரமான வண்டி வாங்கவே கூடாதா?

வாங்கலாம். வண்டி நிற்கப்போகும்போது இடுப்பைச் சற்று இடதுபக்கம் நகர்த்தி, இடது காலை மட்டும் ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்து நிறுத்தப் பழகுங்கள். பாதை வலதுபக்கம் மேடாகவும் இடதுபக்கம் பள்ளமாகவும் இருக்கும் இடத்தில் நிற்காமல், ரெண்டடி முன்னே தள்ளி மட்டமான இடத்தில் நிற்கும் பழக்கம் வர வேண்டும். ஒரு காலி மைதானத்தில் இதைப் பழகிவிட்டு, அதற்கப்புறம் வந்து இறக்கலாமா என்று கேளுங்கள். பழகிய பிறகு பலருக்கு அந்தக் கேள்வியே இருப்பதில்லை.

ஆனால் முழங்கால், இடுப்பு வலி உள்ள பெரியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வண்டி சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க முடியாது. அவர்கள் விஷயத்தில் இறக்குவது நியாயமான வேலைதான்.

ஷாக்கைத் தொடாமல் உயரம் குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சில வண்டிகளுக்குக் கம்பெனியே தாழ்வான சீட் தருகிறது. ஹிமாலயன் 450-க்கு அப்படி ஒன்று உண்டு. அது இல்லாத வண்டிக்கு சீட் கடையில் கொடுத்து ஃபோமைச் செதுக்கலாம்.

செதுக்கும்போது நடுப்பகுதியை மட்டும் குழியாக்கச் சொல்கிறார்கள் பலர். அதைவிட, டேங்கை ஒட்டி சீட் குறுகும் இடத்தில் இரண்டு ஓரங்களையும் சரிவாகச் சீவினால் பலன் கூடுதல். தொடை நேராகக் கீழே இறங்கும். நடுவில் 15 முதல் 20 மி.மீ. எடுத்து, ஓரங்களையும் சீவிவிட்டால் கால் எட்டுவதில் நல்ல மாற்றம் தெரியும். ஃபோம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். அடித்தகட்டுக்கு மேலே இரண்டு விரல் கனமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருச்சி போய்த் திரும்புவதற்குள் இடுப்பு நொந்துவிடும். வெட்டிய ஃபோம் துண்டைத் தூக்கிப் போடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சீட்டை இறக்கினால் சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரம் குறையும், முழங்கால் கூடுதலாக மடங்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது தொல்லை. சஸ்பென்ஷனை இறக்கினால் இந்தத் தூரம் மாறாது. ஆகவே உட்காரும் ஆளைப் பார்த்துத்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஷாக்கில் இருக்கும் திருகு வளையத்தைத் தளர்த்தினால் இறங்குமா?

கொஞ்சம் இறங்கும். அந்த வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்று தீர்மானிக்கிறது. பிரீலோட் என்பது அதுதான். தளர்த்தினால் ஆள் உட்கார்ந்ததும் வண்டி கூடுதலாக அமுங்கும். ஆனால் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அதை அளக்காமல் திருகக் கூடாது.

அளப்பது எளிது. வண்டியைத் தூக்கிப் பின் சக்கரம் தொங்கும்படி வையுங்கள். பின் அச்சிலிருந்து நேர் மேலே பின்பாகத்தில் ஒரு புள்ளி குறித்து, இடையே உள்ள தூரத்தை டேப்பில் அளந்து எழுதுங்கள். பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு உட்காரட்டும், ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ளட்டும். அதே புள்ளியை மறுபடி அளங்கள். தொங்கும்போது 560, ஆள் உட்கார்ந்ததும் 520 என்றால், அமுங்கியது 40 மி.மீ. ஆளோடு சேர்த்து அமுங்குவது, சக்கரம் மேலே கீழே போகும் மொத்தத் தூரத்தில் (ஓட்டம் என்பது அதுதான்) நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 120 மி.மீ. ஓட்டம் உள்ள சாதாரண வண்டிக்கு 30 முதல் 40 மி.மீ. சரி. 180 மி.மீ. உள்ள பழைய ஹிமாலயன் 411-க்கு 45 முதல் 60.

ஒல்லியான ஆள் உட்காரும்போது 20 மி.மீ.தான் அமுங்குகிறது என்றால் வளையத்தைத் தளர்த்துங்கள். உயரமும் குறையும், வண்டி போவதும் மெத்தென்று ஆகும். ஏற்கெனவே 45 அமுங்கும் சாதாரண வண்டியை மேலும் தளர்த்தினால் பள்ளத்தில் ஷாக் அடிவரை போய் "டக்"கென்று இடிக்கும். அது உயரத்தைக் குறைத்தது அல்ல, சஸ்பென்ஷனை இல்லாமல் செய்தது.

வளையத்தைத் திருப்ப அதற்கென்றே இருக்கும் வளைந்த ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினால் பல் உடையும். இரண்டு ஷாக் உள்ள வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

டயரில் காற்றைக் குறைத்தால்?

வேண்டாம். உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ரிம்தான் நெளியும்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிட்டால் ஒரு இஞ்சு இறங்கும் என்கிறார்களே?

இறங்கும். அதற்கப்புறம் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் எங்கள் பக்கம் நடக்கும் மிக மோசமான வேலை.

ஸ்பிரிங்கில் சுற்று குறையக் குறைய அது இறுகும். மெத்தென்று போன வண்டி கட்டை வண்டி போலத் தூக்கிப் போடும். பிரீலோட் போய்விடும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஷாக் முழுதாக நீளும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளரும். சில நேரம் நகர்ந்து உட்கார்ந்துவிடும். கம்பெனி ஸ்பிரிங்கின் இரு முனையும் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்கும், அதனால்தான் அது நேராக உட்காருகிறது. வெட்டிய முனை கூராக ஒரே பக்கம் குத்தி நிற்கும். ஷாக்கின் தண்டு பக்கவாட்டில் தள்ளப்படும், ஆயில் சீல் கிழியும், எண்ணெய் வடியும். வெட்டும்போது கட்டர் சூட்டிலோ கேஸ் நெருப்பிலோ அந்த இடத்தில் எஃகின் பதம் வேறு போய்விடுகிறது. பதம் போன இடத்தில்தான் பின்னால் ஒருநாள் உடையும்.

ஸ்பிரிங்கைச் சூடு காட்டித் தணிப்பதும் இதே கதைதான். ஃபோர்க் ஸ்பிரிங்குக்கும் இதே பதில்.

புல்லட், ஸ்ப்ளெண்டர் மாதிரி இரண்டு ஷாக் வண்டியில் எப்படி இறக்குவது?

நீளம் குறைந்த வேறு ஷாக் ஜோடி போடுவதுதான் நேரான வழி. மேல் கண்ணின் (போல்ட் மாட்டும் துளையின்) நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை அளந்து ஒப்பிட வேண்டும். இந்த வண்டிகளில் ஷாக் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஷாக்கில் குறையும் அளவுதான் ஏறக்குறைய சக்கரத்திலும் கிடைக்கும்.

நீளம் பொருந்தினால் மட்டும் போதாது. கண்ணின் புஷ் அளவு, போல்ட்டின் கனம், ஸ்பிரிங்கின் பலம் எல்லாம் உங்கள் வண்டியின் எடைக்குப் பொருந்த வேண்டும். இலகுவான வண்டியின் ஷாக்கைப் புல்லட்டில் போட்டால் கொஞ்ச நாளிலேயே படுத்துவிடும்.

ஷாக்கின் கீழ் மவுண்டை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைப்பது, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் புதுத் துளை போடுவது இரண்டையும் நான் செய்வதில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சக்கரம் முறுக்கிக்கொண்டு ஓடும்.

ஒற்றை ஷாக் வண்டியில்?

அதில் இரண்டு வகை. ஹிமாலயன், ஆர்15 போன்றவற்றில் ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் லிங்க் இருக்கிறது: ஒரு முக்கோணத் துண்டு, அதை இழுத்துப் பிடிக்கும் இரண்டு தகடு. கேடிஎம் டியூக் போன்றவற்றில் லிங்க் கிடையாது, ஷாக் நேரடியாக ஸ்விங் ஆர்மில் உட்காருகிறது.

லிங்க் உள்ள வண்டியில் அந்தத் தகடுகளின் நீளத்தை மாற்றி இறக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் நீளமான தகடு போட்டால் பின்பக்கம் இறங்கும், சில வடிவமைப்பில் நேர் எதிராகவும் இருக்கும். லிங்க் இல்லாத வண்டியில் ஷாக்கைத்தான் மாற்ற வேண்டும். இங்கே ஒரு கணக்கு: ஷாக் சக்கரத்தைவிடக் கொஞ்சத் தூரமே நகர்கிறது. சக்கரம் 25 மி.மீ. நகர ஷாக் 10 மி.மீ. நகரும் வண்டி என்றால், 10 மி.மீ. குட்டையான ஷாக் போட்டாலே பின்பக்கம் 25 மி.மீ. இறங்கிவிடும். அதனால் "ஒரு இஞ்சு குட்டையான ஷாக்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

இறக்கும் முறைகளுக்கு இடையே இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஷாக்கைத் திறந்து உள்ளே ஒரு ஸ்பேசர் வைத்து அது நீளும் தூரத்தைக் குறைத்தால், சக்கரம் மேலே போய் நிற்கும் இடம் பழையபடியே இருக்கும். டயர் எங்கும் இடிக்காது, ஆனால் ஓட்டம் குறையும். லிங்க் மாற்றினாலோ அதே ஓட்டமுள்ள குட்டை ஷாக் போட்டாலோ ஓட்டம் அப்படியே இருக்கும், ஆனால் சக்கரம் முன்பைவிட மேலே ஏறும். அப்போது டயர் மட்கார்டின் உள்பக்கத்தில், வயரில், நம்பர் பிளேட் போல்ட்டில் உரசலாம். இதைச் சோதிக்காமல் வண்டியைக் கொடுக்கவே கூடாது. ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றி, ஸ்பிரிங் இல்லாமல், ஷாக் முழுதாக அமுங்கும் இடம் வரை சக்கரத்தை ஜாக்கியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். டயருக்கும் மேலே உள்ளதற்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் தாராளமாகப் போக வேண்டும்.

கேஸ் நிரப்பிய ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தத்தோடு இருக்கும். மறுபடி நிரப்பும் வசதி இல்லாத இடத்தில் அதைத் திறக்கக் கூடாது. ஸ்பேனரும் சுத்தியலும் வைத்துத் திறந்தால் ஆளுக்கே ஆபத்து.

லிங்க் தகட்டை லேத் பட்டறையில் வெட்டிக்கொள்ளலாமா?

நம் ஊர் லேத்காரர்களின் கைத்திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஒரு பாகத்தைச் சாதாரண இரும்புப் பட்டையில் வெட்டச் சொல்லாதீர்கள். சக்கரத்தில் வரும் அடி லிங்க்கில் பல மடங்காக ஏறுகிறது. அங்கே நல்ல பலமுள்ள எஃகோ அதற்குரிய அலாயோ வேண்டும். இரண்டு தகட்டிலும் துளையின் நடுவிலிருந்து நடு வரை உள்ள அளவு துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் முக்கோணத் துண்டு முறுக்கி பேரிங் தேயும். அந்த வண்டிக்கென்றே செய்து விற்பதை வாங்குங்கள், கம்பெனி போல்ட்டையே போடுங்கள், பேரிங்கைக் கழுவி கிரீஸ் வையுங்கள், இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள்.

25 மி.மீ. இறக்கினால் சீட்டும் 25 மி.மீ. இறங்குமா?

இறங்காது. நீங்கள் பின் அச்சுக்கு மேலே உட்காரவில்லை, அதற்குக் கொஞ்சம் முன்னால் உட்காருகிறீர்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1400 மி.மீ. இருந்து, நீங்கள் பின் அச்சிலிருந்து 450 மி.மீ. முன்னால் உட்கார்ந்தால், 25-க்கு 17 மி.மீ.தான் கிடைக்கும். முன்பக்கத்தையும் 25 இறக்கினால்தான் முழு 25-ம் வரும்.

பின்பக்கம் மட்டும்தானே கேட்டேன், முன்பக்கத்தை ஏன் தொட வேண்டும்?

அதே 1400 மி.மீ. வண்டியில் பின்பக்கம் மட்டும் 25 மி.மீ. இறங்கினால் வண்டி முழுவதும் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. ஃபோர்க்கும் அந்த ஒரு டிகிரி படுத்துவிடும். ஹேண்டில் மந்தமாகும், வளைவில் வண்டி நீங்கள் நினைத்த கோட்டைவிட்டு வெளியே போகப் பார்க்கும். திருமயம், தேவகோட்டை போகும் நேர் ரோட்டில் இது தெரியாது. கொடைக்கானல் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தெரியும்.

சரிசெய்ய, ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ் கிளாம்ப்களின் போல்ட்டைத் தளர்த்தி, குழாயை மேலே ஏற்றி மறுபடி இறுக்க வேண்டும். பின்னால் இறக்கிய அளவுக்கு முன்னாலும் இறக்குவது நல்லது. ஆனால் பல வண்டிகளில் 10, 15 மி.மீ.க்கு மேல் ஏற்ற இடம் இருக்காது: குழாயின் தலை ஹேண்டிலில் இடிக்கும், அல்லது முழுதாக அமுங்கும்போது முன் மட்கார்டு மேலே போய் முட்டும். முன்னால் 15-தான் முடியும் என்றால் பின்னால் 25-க்கு மேல் போகாதீர்கள் என்பது என் கணக்கு.

இரண்டு குழாயும் ஒரே அளவு ஏறியிருக்கிறதா என்று வெர்னியரில் அளந்து பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். குழாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டை கட்டி, வண்டியை ஓட்டிப் பிரேக் அடித்துப் பாருங்கள். டை எங்கே தள்ளப்பட்டு நிற்கிறது என்பதை வைத்து ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக முன்பக்கத்தை மட்டும் நிறைய இறக்குவது இன்னும் ஆபத்து. வேகத்தில் ஹேண்டில் படபடக்கும்.

இறக்கிய பிறகு சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது, வண்டி மட்டும் இறங்கிவிட்டது, அதனால் சாய்வு குறைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நெருக்கி நிறுத்தும்போது யாராவது இடித்தால் வலதுபக்கம் விழும். பக்கத்து வண்டிகளையும் சேர்த்துத் தள்ளும்.

ஸ்டாண்டைக் குட்டையாக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் குத்துமதிப்பாக வெட்டக் கூடாது. இறக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டில் வண்டி எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலின் இடது முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம், வலது முனை எவ்வளவு என்று குறித்தால் போதும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாய்வு. இறக்கிய பிறகு இரண்டு சக்கரத்துக்கும் அடியில் ஒரே கனமுள்ள பலகைகளை வைத்து, ஸ்டாண்டை மட்டும் தரையில் ஊன்றுங்கள். பழைய வித்தியாசம் திரும்ப வரும்வரை பலகையைக் கூட்டுங்கள். அந்தப் பலகையின் கனம்தான் குறைக்க வேண்டிய அளவு. ஸ்டாண்டு சாய்ந்து நிற்பதால் அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டலாம்.

நடுப்பகுதியில் வெட்டி, உள்ளே ஒரு தண்டு செருகி வெல்டிங் வையுங்கள். ஸ்பிரிங் மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் வெட்டாதீர்கள். ஸ்டாண்டைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது, வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைத்தால் அது போய்விடக்கூடும்.

சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டியில் இறக்கிய பிறகு அதைப் போட முன்பைவிடப் பலம் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் ஸ்டாண்டு போடுவார்கள் என்றால் இதை முன்கூட்டியே யோசியுங்கள்.

செயினும் ஹெட்லைட்டும்?

ஸ்விங் ஆர்மின் கோணம் மாறினால் செயினின் தொய்வும் மாறும். கியர் பாக்ஸ் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றதை வண்டியோடு வந்த புத்தகத்தின் அளவுக்கு வையுங்கள்.

பின்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். இரவில் ஒரு சுவருக்கு முன்னால் சற்றுத் தள்ளி நிறுத்தி, நீங்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே திருத்துங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும்.

எங்கள் வீட்டு முகப்பில் வண்டி ஏறுமா?

இந்தப் பக்கத்துக்கே உரிய கேள்வி இது, இதற்கு நேரம் ஒதுக்கி யோசிக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகள் தெருமட்டத்திலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியவை. ராத்திரி வண்டியை உள்ளே ஏற்றப் படிக்கட்டின் மேல் இரும்புத் தகடோ மரப்பலகையோ சாய்த்துப் போட்டிருப்பார்கள். தகடு ஏறி முடிந்து தரை மட்டமாகும் அந்த விளிம்பில், முன் சக்கரம் மேலேயும் பின் சக்கரம் சரிவிலேயும் இருக்கும். அப்போது இன்ஜினின் அடிப்பாகம் விளிம்பை நோக்கி இறங்கும். நேற்றுவரை தட்டாமல் ஏறிய வண்டி, 25 மி.மீ. இறக்கியதும் அங்கே சைலன்சர் வளைவிலோ ஸ்டாண்டிலோ தட்டி மாட்டிக்கொள்ளும்.

இறக்குவதற்கு முன்பே சோதிக்கலாம். தகட்டின் மேல்விளிம்பில் 25 மி.மீ. கனமுள்ள ஒரு மரச்சட்டத்தை, சக்கரம் போகும் தடத்தில் இடைவெளி விட்டு, இரு பக்கமும் வையுங்கள். சட்டத்தின் மேல் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இன்ஜினை அணைத்து, இரண்டு பேராக வண்டியை மெதுவாகத் தள்ளி ஏற்றுங்கள். உள்ளே போனதும் குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள். சாக்பீஸ் ஒட்டியிருக்கும் இடம்தான் இறக்கிய பிறகு தட்டப்போகும் இடம். ஒட்டியிருந்தால், வண்டியை இறக்குவதற்குப் பதிலாகத் தகட்டை நீளமாக்கிச் சரிவைக் குறைப்பது மலிவான வேலை.

வேகத்தடை, கண்மாய்க்கரை ரோடு?

சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் அளவுப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். வண்டியே அதைவிடக் குட்டை என்பதால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் மேடு 15 மி.மீ.கூட எழும்பாது. அதில் இறக்கிய வண்டியும் தட்டாது. தட்டுவது, தெருக்காரர்கள் தாங்களாகவே சிமெண்டில் ஒரு முழ அகலத்துக்குப் போட்ட மேட்டில்தான்.

ஸ்ப்ளெண்டருக்குத் தரை இடைவெளி 165 மி.மீ. முன்னும் பின்னும் 25 இறக்கினால் 140. பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் 20 லிட்டர் தண்ணீர் கேன் என்று ஏற்றினால் நடுப்பகுதி இன்னும் 30, 40 மி.மீ. இறங்கும். மிச்சம் 100 சொச்சம். அந்த முழ அகல மேட்டை அதில் தாண்ட முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க்கரைச் செம்மண் பாதையில் டிராக்டர் தடம் ஆழமாகப் பதிந்துவிடும். தினமும் அந்தப் பாதையில் வயலுக்குப் போகிறவர் வண்டியை இறக்க வேண்டாம். சீட்டைச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ஓட்டம் குறைந்த ஷாக் என்றால் சீக்கிரம் அடிவரை போகும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று குடும்பத்தோடு போகிறவர்கள், இரண்டு பேர் எடைக்கும் தகுந்த ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேட்டுச் செய்யுங்கள். டபுள்ஸ் போகும் நாளில் பிரீலோடைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சேலை கார்டையும் பாருங்கள். வண்டி இறங்கிய பிறகு அது சக்கரத்துக்கோ தரைக்கோ நெருங்கி உரசினால் சிலர் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. ஆச்சி ஒருபக்கமாக உட்கார்ந்து முந்தானை காற்றில் போகும்போது அந்த விதி எதற்கென்று புரியும். கார்டை வளைத்தோ மாற்றியோ பொருத்துங்கள், கழற்றாதீர்கள்.

சட்டப்படி இது சரியா?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு வந்திருக்கிறது.

பிரீலோடு திருகுவது கம்பெனியே கொடுத்த வசதி. கம்பெனி தரும் தாழ்வான சீட்டிலும் சிக்கல் இல்லை. ஃப்ரேமை வெட்டுவது, சக்கர இடைவெளியை மாற்றுவது போன்றவற்றுக்குள் இறங்கவே கூடாது. லிங்க், ஷாக் மாற்ற நினைப்பவர்கள் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியை அது முடியும்வரை விட்டுவைப்பது நல்லது.

பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் இறக்கலாமா?

என் கருத்து, வேண்டாம். ஓட்டமும் இடைவெளியும் போகிறது, கிடைப்பது தோற்றம் மட்டும்.

பிறகு பழைய உயரத்துக்கே திருப்ப முடியுமா?

லிங்க் அல்லது ஷாக் மாற்றியது என்றால் முடியும். கழற்றிய கம்பெனி பாகங்களை எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி, போல்ட்டுகளோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். சைடு ஸ்டாண்டை வெட்டுவதற்குப் பதிலாகப் பழைய ஸ்டாண்டு ஒன்றை வாங்கி அதை வெட்டினால், ஒரிஜினல் முழுசாக இருக்கும். வண்டியை விற்கும்போது இது பெரிய வசதி.

வேலை முடிந்து முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கொண்டுவாருங்கள். லிங்க் போல்ட், ஷாக் போல்ட், ஃபோர்க் கிளாம்ப் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சில் திரும்பப் பார்க்க வேண்டும். டயரின் நடுவிலோ மட்கார்டின் உள்ளேயோ புதிதாக உரசிய பளபளப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டும்போது எங்காவது தட்டும் சத்தம் கேட்டிருந்தால், எந்த இடத்தில், எவ்வளவு சுமையோடு போனபோது என்று நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.